சீட்டைக் கீழே வைக்கத் தெரியுமா உங்களுக்கு?

செல்போனில் போக்கர், ரம்மி என்று பணம் வைத்து ஆடுபவர் கையில் இருப்பவை மூன்றே மூன்று முடிவுகள்தான். அதில் ஒன்றை மட்டும் எடுக்கத் தெரியாமல்தான் பல குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்திருக்கின்றன. அந்த ஒரு முடிவைப் பற்றிய பாடம் இது. ஆடுகிறவருக்கு மட்டுமல்ல, அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும்தான்!

ஜவ்வாது மலையை விட்டுக் கீழே இறங்கினால் போளூர், செங்கம், ஆரணி என்று ஊர்கள். கோடை பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் பல ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் ஆரம்பித்துவிடும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. அதிலும் சூதாட்டமும் துகிலுரிதலும் நடக்கிற ராத்திரி என்றால் கேட்கவே வேண்டாம், கூட்டம் அலைமோதும்.

தருமர் நாட்டை வைத்து ஆடுகிறார், தோற்கிறார். தம்பிகளை வைக்கிறார், தோற்கிறார். தன்னையே வைக்கிறார். கடைசியில் பாஞ்சாலியை! எதிரில் உட்கார்ந்திருப்பது சகுனி என்பது பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக்கூடத் தெரிகிறது. ‘எழுந்து வந்துடேம்ப்பா...’ என்று மனசு பதறுகிறது. ஆனால் தருமர் எழுந்திருக்கவில்லையே, ஏன்?

அவர் படிக்காதவரா? இல்லை. கெட்டவரா? அதுவும் இல்லை. தர்மம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். ‘போதும்’ என்று சொல்லும் ஒரு முடிவை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்தப் பகடை செல்போனுக்குள் வந்துவிட்டது. சகுனியின் முகம் மட்டும் தெரிவதில்லை.

மூன்றே மூன்று பட்டன்

போக்கர் என்பது வெளிநாட்டுச் சீட்டாட்டம். நம் ஊர் மூணு சீட்டுக்கு அது அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதிகம் ஆடப்படும் ‘டெக்ஸஸ் ஹோல்டெம்’ வகையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. அது அவருக்கு மட்டும் தெரியும். மேஜை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என்று திறப்பார்கள். இந்த ஏழில் சிறந்த ஐந்து சீட்டு யாருக்குச் சேர்கிறதோ அவருக்கு நடுவில் இருக்கும் பணம்.

ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டும் சுற்று ஒன்று உண்டு. எதிராளி பணம் கட்டியதும் உங்கள் முன்னால் மூன்று வழிகள்.

கால்: எதிராளி கட்டிய அதே தொகையைக் கட்டி ஆட்டத்தில் நீடிப்பது.

ரெய்ஸ்: அதற்கு மேலே ஏற்றிக் கட்டி, ‘இப்ப நீ என்ன பண்றே?’ என்று பந்தை அவர் பக்கம் தள்ளுவது.

ஃபோல்ட்: சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகுவது. ரம்மியில் ‘டிராப்’, மூணு சீட்டில் ‘பேக்’ என்கிறோமே, அதுவேதான்.

இதில் ஒரு வேடிக்கை. சினிமாவில் கதாநாயகன் எப்போதும் ரெய்ஸ்தான் செய்வான். இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரிப்பான். நிஜத்தில் நிதானமாக ஆடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எட்டு ஒன்பது பேர் உட்கார்ந்த மேஜையில், கையில் வரும் பத்து ஆட்டங்களில் ஏழு எட்டை முதல் சுற்றிலேயே கவிழ்த்துப் போட்டுவிடுகிறார்கள்! காரணம் இருக்கிறது. மிக உயர்ந்த கையான இரண்டு ஏஸ் ஒருவருக்குச் சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் வரும். மீதி நேரமெல்லாம் சுமாரான சீட்டுதான். சுமாரான சீட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருந்தால் நல்ல சீட்டு வரும்போது கையில் காசு இருக்காது.

ஆக, அந்த ஆட்டத்தின் முதல் பாடமே விடுவதுதான்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா?

பயப்படாதீர்கள், ஏழாம் வகுப்புக் கணக்குதான்.

நடுவில் 200 ரூபாய் இருக்கிறது. எதிராளி 100 கட்டுகிறார். இப்போது நடுவில் 300. நீங்கள் நீடிக்க வேண்டுமானால் 100 கட்ட வேண்டும். கட்டினால் மொத்தம் 400 ஆகும். அதில் உங்கள் பங்கு நாலில் ஒன்று. ஆகவே நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பும் நாலில் ஒன்றுக்கு, அதாவது 25 சதவிகிதத்துக்கு, மேல் இருந்தால்தான் கட்டுவது லாபம்.

உங்கள் கையில் இரண்டு ஆட்டின். மேஜையில் திறந்திருக்கும் நாலு சீட்டில் இரண்டு ஆட்டின். கடைசிச் சீட்டும் ஆட்டினாக விழுந்தால் ஜெயம் உங்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக்கட்டில் ஆட்டின் மொத்தம் 13. நாலு வந்துவிட்டது, மீதி 9. கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 52-ல் 6 போக 46. ஆக 46-க்கு 9, ஏறக்குறைய 20 சதவிகிதம்.

தேவை 25, இருப்பது 20. கணக்கு என்ன சொல்கிறது? ஃபோல்ட்!

இதே நிலைமை 100 முறை வந்து 100 முறையும் நீங்கள் கட்டினால், சுமார் 20 முறை ஜெயித்து 6,000 ரூபாய் வரும். 80 முறை தோற்று 8,000 ரூபாய் போகும். நிகரம் 2,000 நஷ்டம்.

இதையே எதிராளி 100-க்குப் பதில் 50 ரூபாய் கட்டினால்? நடுவில் 250. நீங்கள் கட்ட வேண்டியது 50. மொத்தம் 300-ல் ஆறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 17 சதவிகிதம். உங்கள் வாய்ப்போ 20. இப்போது ‘கால்’ சரி. 100 முறையில் 5,000 வரும், 4,000 போகும்.

ரெய்ஸுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஏற்றிக் கட்டினால் ஜெயிக்க இரண்டு வழி கிடைக்கிறது. ஒன்று, உங்கள் சீட்டு உயர்ந்ததாக இருப்பது. இன்னொன்று, எதிராளி பயந்துபோய்ச் சீட்டைப் போட்டுவிடுவது. ஆனால் எதிராளி பயப்படாதவராக இருந்தால் நஷ்டமும் அதே வேகத்தில் ஏறும்.

கவனித்தீர்களா? இந்தக் கணக்கில் எங்கேயும் ‘இதுவரை நான் எவ்வளவு கட்டினேன்’ என்ற கேள்வியே வரவில்லை! நடுவில் போன 200-ல் 80 ரூபாய் உங்களுடையதாக இருந்திருக்கலாம். இருக்கட்டுமே. போன நிமிஷமே அது உங்களுடையது இல்லை என்று ஆகிவிட்டது. இனி கட்டப்போகும் பணம், இனி இருக்கும் வாய்ப்பு, இரண்டை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு வரியை மனசு ஏற்றுக்கொள்வதில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிறது.

தெரிந்தும் ஏன் விட முடியவில்லை?

‘எனக்குக் கணக்குத் தெரியும் டாக்டர். நான் இன்ஜினியர்’ என்று சொல்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் மூளைக்குள் இருக்கிறது.

முதல் காரணம், நஷ்டத்தின் வலி. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வர்ஸ்கி என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் 1979-ல் ஒரு விஷயத்தை விளக்கினார்கள். நூறு ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட, நூறு ரூபாய் தொலைந்தால் வரும் வேதனை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது மட்டுமல்ல. லாபத்தில் இருக்கும்போது ஜாக்கிரதையாக இருக்கும் அதே மனிதர், நஷ்டத்தில் விழுந்துவிட்டால் அதைச் சரிக்கட்டக் கண்ணை மூடிக்கொண்டு ரிஸ்க் எடுக்கிறார். கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய விஞ்ஞானம்!

இரண்டாவது, எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு. அமெரிக்க விஞ்ஞானி ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். கொத்தும்போதெல்லாம் தீனி வந்தால், தீனி நின்றதும் புறா சீக்கிரமே கொத்துவதை நிறுத்திவிடுகிறது. எப்போதாவது, ஏதோ ஒரு கொத்துக்குத் தீனி வந்தால், நிறுத்தாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. செல்போன் திரையைத் தட்டும் விரலுக்கும் இதே கதிதான். மூளையில் சுரக்கும் ‘டோபமின்’ என்ற ரசாயனம் பரிசு வந்த பிறகு மட்டுமல்ல, வருமோ என்ற எதிர்பார்ப்பிலேயே துள்ளுகிறது.

மூன்றாவது, ‘ஜஸ்ட்டில் போச்சு!’ ஒரு சீட்டில் தவறிய தோல்வி மூளைக்குத் தோல்வியாகவே தெரிவதில்லை. கிட்டத்தட்ட ஜெயித்த மாதிரி இருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்கு அதுவே தூண்டில்.

நாலாவது, ‘அஞ்சு தடவை தோத்தாச்சு, ஆறாவது நமக்குத்தான்’ என்ற நம்பிக்கை. சீட்டுக்கட்டுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைக்கிறார்கள். போன ஆட்டத்தில் நீங்கள் அழுதது அதற்குத் தெரியாது.

ஐந்தாவது, வேகம். நேரில் ஒரு மேஜையில் சீட்டுப் போட்டு ஆடினால் ஒரு மணி நேரத்துக்கு 25, 30 ஆட்டம் நடக்கலாம். செல்போனிலோ அதுபோல் இரண்டு மூன்று மடங்கு. ஒரே நேரத்தில் நாலு மேஜை திறந்து வைத்து ஆடுபவர்களும் உண்டு. யோசிக்கக் கிடைப்பது சில விநாடிகள். எழுந்து தண்ணீர் குடிக்க, ‘போதும்டா’ என்று நண்பன் தோளைத் தட்ட, அங்கே இடமே இல்லை.

இவை போதாதென்று, ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்தில் ஆட்டத்தை நடத்தும் கம்பெனி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மேஜையில் உட்கார்ந்த எல்லோரையும் கூட்டிக் கணக்குப் பார்த்தால் எப்போதும் நஷ்டம்தான்.

ஜவ்வாது மலையில் இரண்டு ஆசான்கள்

விடத் தெரிவது கோழைத்தனம் இல்லையா? இல்லவே இல்லை. அதற்கு உதாரணம் தேடி நாம் அமெரிக்கா போக வேண்டாம். மறுபடி ஜவ்வாது மலைக்கு ஏறுவோம்.

முதல் ஆசான், சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடி விவசாயி. ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சரிவுகளில் சாமை முக்கியமான பயிர். கிணற்றுப் பாசனம் இல்லை, மழையை நம்பிய மானாவாரி. மழை வருமா, வராதா? அவருக்கும் எதிராளியின் சீட்டுத் தெரியாது! ஒரு மழை பெய்து மண் நனைந்தால் விதைக்கிறார். இது ‘கால்’. அடுத்தடுத்து மழை பெய்து பயிர் எழுந்தால் களை எடுக்க ஆள் வைத்து உழைப்பைக் கூட்டுகிறார். இது ‘ரெய்ஸ்’. மழை பொய்த்துப் பயிர் கருகினால், அதற்குமேல் அதில் கூலியைக் கொட்டுவதில்லை. மாட்டுக்கு விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார். இது ‘ஃபோல்ட்’.

இதுவும் சூதாட்டம்தானே என்று கேட்காதீர்கள். மூன்று பெரிய வித்தியாசங்கள் உண்டு. ஒன்று, விதைத் தானியத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மானாவாரி விவசாயி மீதியைச் செலவு செய்வார். வீட்டில் பசித்தாலும் அதில் கை வைக்க யோசிப்பார். இரண்டு, ஒரு பட்டம் தவறினால் அடுத்த பட்டத்துக்குக் காத்திருந்தே ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பில் கோபமும் ஏமாற்றமும் ஆறிவிடும். செல்போனில் அடுத்த ‘பட்டம்’ அரை நிமிஷத்தில் வந்துவிடுகிறது. ஆறுவதற்கு நேரம் ஏது? மூன்று, நிலம் விளைந்தால் ஊருக்கே சோறு. சீட்டில் ஒருவர் ஜெயித்தால் இன்னொரு வீட்டில் அடுப்பு அணைகிறது.

இரண்டாவது ஆசான், அதே மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானியல் ஆய்வகம். 1986-ல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி செயல்பட ஆரம்பித்தது. அதில் ஆராய்ச்சி செய்ய விஞ்ஞானிகள் முன்கூட்டியே விண்ணப்பித்து, தங்களுக்கு ஒதுக்கிய ராத்திரிக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த ராத்திரி வருகிறது. மேகம் திரள்கிறது. காற்றில் ஈரம் ஏறுகிறது. என்ன செய்வார்கள்? மேற்கூரையை மூடிவிடுவார்கள். ‘இவ்வளவு நாள் காத்திருந்தேனே, இன்னும் பத்து நிமிஷம் திறந்து வையுங்கள்’ என்று கெஞ்சினால் கண்ணாடியில் ஈரம் படிந்து எல்லோருக்கும் நஷ்டம்.

இதில் உள்ள சூட்சுமம் என்ன? ஈரம் எவ்வளவு ஏறினால் மூடுவது என்பதை அந்த ராத்திரியில், அந்த ஆசையில், உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. முன்பே, தெளிந்த மனசோடு முடிவு செய்து வைத்த விதி அது. ராத்திரியில் செய்ய வேண்டியதெல்லாம் விதிக்குக் கீழ்ப்படிவதுதான்.

பணமோ, பங்குச்சந்தையோ, வீட்டுமனையோ, நஷ்டத்தில் ஓடும் பிசினஸோ... எதுவானாலும் இதே பாடம்தான். எங்கே நிறுத்துவது என்பதை ஆரம்பிக்கும் முன்பே எழுதி வையுங்கள். சூடு ஏறிய பிறகு எடுக்கும் முடிவு உங்களுடையது அல்ல, சூட்டினுடையது.

உடம்பு படும் பாடு

பணம் வைத்து ஆடும்போது அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கிறது, பிளட் பிரஷர் ஏறுகிறது. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை இது தொடர்ந்தால் தூக்கம் போகிறது. தூக்கம் கெட்டால் பசி, ஜீரணம், கோபம், தாம்பத்தியம் எல்லாம் கெடும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு அது கட்டுக்குள் நிற்காது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தூக்கம் கெட்ட மூளை லாபத்தைப் பெரிதாகவும் நஷ்டத்தைச் சிறிதாகவும் எடைபோடுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஃபோல்ட் செய்ய வேண்டிய மூளைதான் முதலில் அசந்துபோகிறது! கூடவே மதுவும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு முக்கியமான விஷயம். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற சில மாத்திரைகள் சிலருக்குச் சூதாடும் வெறியைத் தூண்டிவிடலாம். அதுவரை சீட்டையே தொடாத தாத்தா திடீரென்று பணம் வைத்து ஆட ஆரம்பித்தால் திட்டாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சூதாட்ட அடிமைத்தனம் ஒரு நோய் என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைக் குடி, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. ‘திமிர்’, ‘பொறுப்பில்லை’ என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. வைத்தியம் தேவைப்படும் நோய் இது.

உங்கள் வீட்டில் இது இருக்கிறதா?

1. செல்போனை யாரும் தொடவிடாமல் வைத்திருக்கிறாரா? பாத்ரூமுக்கும் எடுத்துப் போகிறாரா?
2. விட்டதைப் பிடிக்க மறுநாளே மறுபடி ஆடுகிறாரா?
3. அதே ‘கிக்’ கிடைக்க வரவரப் பெரிய தொகை வைக்கிறாரா?
4. நிறுத்த முயன்றால் எரிச்சல், படபடப்பு வருகிறதா?
5. எவ்வளவு போனது என்பதில் பொய் சொல்கிறாரா?
6. நண்பர்கள், ஆபீஸ் சகாக்கள், கடன் ஆப் என்று பல இடத்தில் சின்னச் சின்னக் கடனா?
7. நகை, பள்ளிக்கூட ஃபீஸ், சீட்டுப் பணம் காணாமல் போகிறதா?
8. மனசு சரியில்லாதபோதெல்லாம் ஆட்டத்தில் போய் உட்காருகிறாரா?

நாலு கேள்விக்கு மேல் ‘ஆமாம்’ என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்களும் அதே மேஜையில்தான்!

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி.

‘நான் ஆடவில்லையே, அவர்தானே ஆடுகிறார்’ என்று நினைக்கிறீர்களா? ஒரு நாள் உங்களிடமும் அந்தக் கேள்வி வரும். ‘அம்மா, கடைசித் தடவைம்மா. இந்தக் கடனை மட்டும் அடைச்சிட்டா தொடவே மாட்டேன்.’ அல்லது, ‘ஏம்மா, அந்த வளையலைக் குடு. ரெண்டே மாசத்துல மீட்டுடறேன்.’ அந்த நிமிஷம் உங்கள் முன்னாலும் அதே மூன்று பட்டன்கள்.

வளையலைக் கழற்றிக் கொடுத்தால் அது ‘கால்’. இவ்வளவு நாள் கொடுத்தோமே, இதையும் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனசு சொல்லும். இதுவும் விட்டதைப் பிடிக்கும் ஆசைதான்! கடன் தீர்ந்ததும் அவர் தோளிலிருந்து சுமை இறங்கும். கூடவே பயமும் இறங்கும். பெரும்பாலும் மறுபடி ஆட்டம் ஆரம்பிக்கும்.

கத்தி, அழுது, போனை உடைத்து, சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்து மானத்தை வாங்கினால் அது ‘ரெய்ஸ்’. பந்தயத்தில் இப்போது பணத்தோடு அவமானமும் சேர்ந்துவிட்டது. அவமானம் ஏறினால் மறைப்பதும் ஏறும்.

மூன்றாவது வழி ‘ஃபோல்ட்’. ஆட்டத்துக்கு இனி இந்த வீட்டிலிருந்து ஒரு பைசா போகாது என்று அமைதியாக, உறுதியாகச் சொல்வது. இங்கே ஒரு வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஆட்டத்தைத்தான் விட வேண்டும், ஆளை விடக் கூடாது.

எப்படிச் செய்வது?

காலை வேளையில், அவர் ஆடாமல் இருக்கும் நேரத்தில், ஒருவர் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். ‘ஏன் இப்படிப் பண்ணே?’ என்று ஆரம்பிக்காமல், ‘ராத்திரி தூங்கவே மாட்டேங்கறீங்களே, பயமா இருக்குங்க’ என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

கடன் முழுவதையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை எழுதும் தொகை பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். கோபப்படாமல் இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

சம்பளக் கணக்கு, ஏ.டி.எம். கார்டு, யு.பி.ஐ. ஆகியவற்றைக் கொஞ்ச காலம் இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். இது தண்டனை அல்ல, காலில் அடிபட்டவருக்குக் கட்டுப்போடுவது மாதிரி என்று அவரிடமே சொல்லுங்கள். நகை, வீட்டுப் பத்திரம் பாங்க் லாக்கரில் இருக்கட்டும். இவைதான் உங்கள் வீட்டு விதைத் தானியம்.

கடன் கொடுத்தவர்களிடம் நேரில் பேசித் தவணை கேளுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் கடன் வாங்கவே கூடாது. மிரட்டல் போன் வந்தால் சைபர் கிரைம் உதவி எண் 1930 இருக்கிறது.

ஆடிய நேரத்தை வேறு எதனாலாவது நிரப்புங்கள். ராத்திரி பத்து மணிக்கு எல்லோருடைய போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லோருடையதும் என்பது முக்கியம்!

வைத்தியம் உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் ஆலோசனை முறை நல்ல பலன் தருகிறது. மனச்சோர்வும் கூட இருந்தால் டாக்டர் மருந்தும் தருவார். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஜவ்வாது மலைப் பக்கத்தில் இருப்பவர்கள் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ வரலாம். பெங்களூர் நிம்ஹான்ஸில் செல்போன், இன்டர்நெட் அடிமைத்தனத்துக்கென்றே ‘ஷட் கிளினிக்’ 2014 முதல் இருக்கிறது.

மிகவும் கவனிக்க வேண்டிய நேரம்

எல்லாம் வெளியே தெரிந்துபோகும் அந்த நாள்தான் மிக ஆபத்தான நாள். ‘இனிமே இருந்து என்ன பிரயோஜனம்’ என்று பேசினாலோ, பேச்சே நின்றுபோனாலோ தனியாக விடாதீர்கள். ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனசு திறக்கத்தான் அது வழிசெய்யும். ‘பணம் போனா போகட்டும், நீ இரு’ என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் இலவசமாகப் பேச டெலி மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104 இரண்டும் இருக்கின்றன. இந்த ஒரு ‘கால்’ மட்டும் எப்போதும் லாபம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் தற்கொலைகள் தொடர்ந்த நிலையில் 2022-ல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு சட்டசபையில் நிறைவேறிய ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் சென்னை ஐகோர்ட், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடைப்பட்டியலில் வைத்தது செல்லாது என்றது. பிறகு 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதிமுறைகள் வந்தன. ஜூனில் ஐகோர்ட் அவற்றை ஏற்றது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல். பெரிய கம்பெனிகள் பண ஆட்டங்களை நிறுத்தின. நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அந்தச் சட்டம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை சொல்லவில்லை. ஆகவே போலீஸுக்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

தடை வந்ததால் பிரச்னை தீர்ந்தது என்று இருந்துவிடவும் முடியாது. வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாக நடக்கும் ஆட்டங்கள் உண்டு. அங்கே ஜெயித்தாலும் பணம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சில சந்தேகங்கள்

‘போக்கர் திறமை ஆட்டம்தானே? நன்றாகக் கற்றுக்கொண்டு ஆடினால்?’

திறமைக்கு இடம் உண்டு, உண்மைதான். ஆனால் மேஜையில் மிகத் திறமையானவர் ஜெயிக்க வேண்டுமானால் மற்றவர்கள் தோற்க வேண்டும். திறமைசாலிகூட மாதக்கணக்கில் தொடர்ந்து தோற்கும் காலம் வரும். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் ஃபீஸும் கட்டும் குடும்பத்தால் அதைத் தாங்க முடியுமா?

‘பணம் வைக்காமல் குடும்பத்தோடு சீட்டாடலாமா?’

தாராளமாக! தீபாவளிக்குப் புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். பிள்ளைகளுக்கு மேலே சொன்ன சதவிகிதக் கணக்கையும் சொல்லிக்கொடுங்கள். ‘இந்தச் சீட்டை விட்டுடலாமா, வெச்சுக்கலாமா?’ என்று யோசிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை பிற்காலத்தில் பல இடங்களில் பிழைத்துக்கொள்ளும்.

‘என் கணவர் நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. இனி பயமில்லையா?’

சந்தோஷம். ஆனால் போனஸ், சீட்டு எடுத்த பணம் என்று மொத்தமாகக் கைக்கு வரும் நாட்களில் கூடவே இருங்கள். ஒருமுறை வழுக்கினால் ‘எல்லாம் போச்சு’ என்று நினைக்காதீர்கள். வழுக்கிய அன்றே டாக்டரிடம் சொன்னால் அது ஒரு நாள் சறுக்கலோடு நின்றுவிடும். மறைத்தால்தான் மறுபடி பள்ளம்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஃபோல்ட் செய்தவன் அந்த ஆட்டத்தில் மட்டும்தான் தோற்கிறான். மீதிப் பணம், மீதித் தூக்கம், மீதி வாழ்க்கை எல்லாம் அவன் கையிலேயே இருக்கிறது. இன்று ராத்திரி உங்கள் வீட்டில் யாராவது இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் விழித்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘போதும், வாங்க தூங்கலாம்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள்.